பதிவு இன்று யார் கையில்?

கோத்தகிரியில் எங்கள் லைன் வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நிற்காது. மாரியம்மன் கோயிலைத் தாண்டி, தேயிலைக்கு நடுவே சில்வர் ஓக் மரங்கள் நிற்கும் மேட்டுக்கு ஏறினால்தான் பேச முடியும். அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிக்கொண்டிருந்த நான், 2023 ஜூலையில் ஒன்பது நாள், மாலை ஐந்தரை மணிக்குக் குடையும் நோட்டுப் புத்தகமுமாக அந்த மேட்டில் நின்றேன். அப்போது ஒஹாயோவில் காலை எட்டு மணி. மினசோட்டாவில் எட்டாக இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். முதலில் பழைய பல்கலைக்கழகத்தைக் கூப்பிடுவேன். அவர்கள் சொன்னதைக் குறித்துக்கொண்டு, ஆறரைக்குப் புதிய பல்கலைக்கழகத்தைக் கூப்பிடுவேன்.

"உங்கள் பதிவை ஜூன் 1-ஆம் தேதியே விடுவித்துவிட்டோம்" என்றார்கள் பழைய இடத்தில். "எங்களுக்கு எதுவும் வந்து சேரவில்லை" என்றார்கள் புதிய இடத்தில். இருவர் சொன்னதும் உண்மைதான் என்பது எனக்குப் புரிய நான்கு நாள் ஆனது. அதற்குள் ஆகஸ்ட் 14-க்கு விமான டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஆகஸ்ட் 28-இல் வகுப்பு தொடங்குகிறது. வீட்டுப் பத்திரம் வங்கியில் இருக்கிறது.

நான் ஒஹாயோவில் மண்ணியல் முதுநிலைப் படிப்பில் ஓராண்டு முடித்திருந்தேன். என்னை வைத்திருந்த ஆய்வுத் திட்டத்தின் நிதி முடிந்துவிட்டது. அது இல்லாமல் இரண்டாம் ஆண்டுக் கட்டணம் எங்கள் சக்திக்கு மீறியது. மலைச்சரிவு மண்ணைப் பற்றி ஆராய மினசோட்டாவில் ஒரு பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு இடம் கொடுத்தது. ஏப்ரலில் அனுமதிக் கடிதம் வந்ததும் பாதிக் கிணறு தாண்டியதாக நினைத்தேன். உண்மையில் அப்போதுதான் கிணற்றருகே வந்திருந்தேன்.

பல்கலைக்கழகம் மாறுவது என்று நாம் ஒரே வார்த்தையாகச் சொல்வதில் மூன்று தனித்தனி வேலைகள் இருக்கின்றன. படித்த பாடங்களின் மதிப்பெண்ணைப் புதிய இடம் ஏற்றுக்கொள்வது ஒன்று. அது கல்வித் துறையின் வேலை. கடவுச்சீட்டில் ஒட்டியிருக்கும் விசா இன்னொன்று. அது தூதரகத்தின் வேலை. மூன்றாவதுதான் நம்மை அந்த நாட்டில் சட்டப்படி நிறுத்தி வைப்பது: செவிஸ் என்ற அரசுக் கணினித் தொகுப்பில் நம் பெயரில் இருக்கும் பதிவு. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிக்கும் ஒவ்வொருவருக்கும் அதில் என் என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் ஓர் எண் உண்டு. அந்தப் பதிவிலிருந்து அச்சிட்டுத் தருவதுதான் ஐ-20 படிவம். பதிவில் கைவைக்கும் அதிகாரம், ஒவ்வொரு நிறுவனத்திலும் இதற்கென நியமிக்கப்பட்ட அலுவலருக்கு மட்டுமே. அவரை டி.எஸ்.ஓ. என்பார்கள். நம் துறைத் தலைவரோ ஆய்வு வழிகாட்டியோ எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும் அந்தப் பதிவில் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது.

முதல் இரண்டைப் பற்றியும் ஊரில் எல்லோரும் பேசுவார்கள். மூன்றாவதைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றிக் கேட்டவர் என் அப்பாயி ஒருவர்தான். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை.

1964-இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையே சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தானபோது, இலங்கையில் இருந்த அப்பாயிக்குப் பத்து வயது. அதன்படி இந்தியாவுக்கு அனுப்ப வேண்டியவர்கள் என்று எண்ணப்பட்ட 5,25,000 பேரில் அவரும் ஒருவர். 1973-இல் பத்தொன்பது வயதில், கைக்குழந்தையோடு, தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்தார். மண்டபம் முகாமில் இருந்துவிட்டு நீலகிரிக்கு வந்து, தாயகம் திரும்பியவர்களுக்காகத் தமிழக அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தார். கண்டியில் வாங்கிய இந்தியக் கடவுச்சீட்டும் குடும்ப அட்டையும் இன்றைக்கும் அவருடைய தகரப் பெட்டியில், மஞ்சள் துணியில் சுற்றி, அந்துருண்டை வாசத்தோடு இருக்கின்றன. வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு வந்த துணி அது. மடிப்பு விழுந்த இடத்தில் காகிதம் பழுத்து, பிரித்தால் விரலில் தூளாக ஒட்டும். அதனால் யாரையும் பிரிக்க விட மாட்டார்.

மேட்டிலிருந்து நனைந்து இறங்கி வந்த முதல் நாள் மாலை, அடுப்படியில் உட்கார வைத்துச் சுடச்சுடத் தேநீர் கொடுத்துவிட்டுக் கேட்டார்: "ஏன் பிள்ளை, உன் காகிதம் இப்போது யார் கையில் இருக்கிறது?" எனக்குப் பதில் தெரியவில்லை. "ஒருவர் கையை விட்டு இன்னொருவர் கைக்குப் போகிற நேரத்தில்தான் காகிதம் தொலையும். கொடுத்தவனைக் கேட்டால் கொடுத்துவிட்டேன் என்பான். யாரிடம் கொடுத்தாய் என்று கேள்" என்றார்.

அந்தக் கேள்வியை ஏப்ரலிலேயே நான் கேட்டிருக்க வேண்டும்.

செவிஸ் பதிவு எந்த நேரத்திலும் ஒரே ஒரு நிறுவனத்தின் கையில்தான் இருக்கும். நாம் மாறப் போகிறோம் என்று சொன்னதும், பழைய டி.எஸ்.ஓ. நம்மோடு கலந்து ஒரு விடுவிப்புத் தேதியைக் குறிப்பார். அந்தத் தேதி வரை பதிவு அவர் கையில். மனம் மாறினால் மாற்றத்தை ரத்து செய்யவும் அதுவரைதான் முடியும். தேதி வந்ததும் பதிவு புதிய இடத்தின் கைக்குப் போய்விடும். பிறகு பழைய இடத்தில் எவ்வளவு கெஞ்சினாலும் அவர்களால் எதையும் திருத்த முடியாது. புதிய ஐ-20-ஐப் புதிய டி.எஸ்.ஓ. அச்சிட முடிவதும் அந்தத் தேதிக்குப் பிறகுதான்.

ஆகவே இந்தத் தேதியைச் சும்மா ஒரு சம்பிரதாயமாக நினைத்துவிடக் கூடாது. நான் முதலில், சீக்கிரம் முடிந்தால் நல்லது என்று மே 5-ஆம் தேதியைக் கேட்டேன். "நூலக வேலை எப்போது முடிகிறது?" என்று டி.எஸ்.ஓ. திருப்பிக் கேட்டார். மே 19 வரை வேலை இருந்தது. பதிவு எந்த வளாகத்தின் கையில் இருக்கிறதோ அந்த வளாகத்தில்தான் மாணவர் வேலை செய்யலாம். மே 5-க்கு விடுவித்திருந்தால் அதன் பிறகு பழைய நூலகத்தில் நான் புத்தகம் அடுக்கிய ஒவ்வொரு மணி நேரமும் அனுமதியில்லாத வேலையாகியிருக்கும். அது சாதாரணத் தவறல்ல, தகுதியையே இழக்க வைக்கும் மீறல். அந்த ஒரு கேள்விக்காக அவரை இன்றும் நன்றியோடு நினைக்கிறேன். தேதியை ஜூன் 1 என்று மாற்றினோம்.

படிப்பு முடித்து ஓ.பி.டி. பயிற்சி வேலையில் இருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். விடுவிப்புத் தேதியோடு அந்த வேலை அனுமதி முடிந்துவிடும், அட்டையில் எத்தனை மாதம் மீதமிருந்தாலும். அருவங்காட்டைச் சேர்ந்த எனக்குத் தெரிந்த ஒருவர், அடுத்த படிப்புக்கு இடம் கிடைத்த மகிழ்ச்சியில் உடனே விடுவிக்கச் சொல்லி, மூன்று மாதச் சம்பளத்தை இழந்தார்.

என் தவறு வேறு இடத்தில் நடந்தது. பழைய பல்கலைக்கழகத்தின் இணையப் படிவத்தில், எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று ஒரு பட்டியல் வரும். என் புதிய பல்கலைக்கழகத்தின் பெயர் அதில் பல முறை இருந்தது. ஒவ்வொன்றும் ஒரு வளாகம். நான் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேன், குறியீட்டைப் பார்க்கவில்லை. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் செவிஸில் எழுத்தும் எண்ணுமாக நீளும் ஒரு குறியீடு உண்டு. ஒரே பல்கலைக்கழகமாக இருந்தாலும் வளாகத்துக்கு வளாகம் அது மாறலாம். புதிய இடம் எனக்கு அனுப்பிய, மாற்றத்துக்கான படிவத்தில் சரியான குறியீடு அச்சாகியே இருந்தது. அதை ஒரு முறை ஒப்பிட்டிருந்தால் போதும்.

மே 24-இல் ஊருக்கு வந்துவிட்டேன். கோடை விடுமுறையில், அடுத்த பருவத்தில் தொடர்ந்து படிக்கப் போகிறவர் வகுப்பில் சேர வேண்டியதில்லை. ஜூன் முழுவதும் ஐ-20 வரும் வரும் என்று காத்திருந்தேன். அப்படிக் காத்திருந்ததும் தவறுதான். விடுவிப்புத் தேதிக்கு மறுநாளே, "வந்துவிட்டதா?" என்று ஒரு வரி எழுதிக் கேட்டிருக்க வேண்டும்.

கூடலூர், பந்தலூர் பக்கம் கொட்டித் தீர்க்கும் தென்மேற்குப் பருவமழை எங்கள் பக்கம் வரும்போது சாரலாக இளைத்துவிடும். கோத்தகிரிக்குப் பெருமழை ஐப்பசி கார்த்திகையில்தான். ஆனால் அந்த ஜூலைச் சாரலோடு வந்த காற்றில் மரக்கிளை முறிந்து மின்கம்பியில் விழுந்து, இரண்டு நாள் வீட்டில் மின்சாரம் இல்லை. அப்பா தன்னுடைய பழைய போனையும் சார்ஜ் ஏற்றிக் கையில் கொடுத்து மேட்டுக்கு அனுப்பினார்.

நான்காம் நாள், அப்பாயி சொன்னபடி கேள்வியை மாற்றினேன். "அனுப்பிவிட்டீர்களா?" என்று கேட்காமல், "எந்தக் குறியீட்டுக்கு அனுப்பினீர்கள்? எழுத்து எழுத்தாகப் படியுங்கள்" என்றேன். பழைய அலுவலகத்தில் ஒருவர் பொறுமையாகப் படித்தார். மழைத்துளி விழுந்து மை கலைந்த நோட்டில் எழுதிக்கொண்டு, ஆறரைக்கு மினசோட்டாவுக்குப் படித்துக் காட்டினேன். மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் நின்றது. "இது எங்கள் குறியீடு இல்லை. எங்கள் இன்னொரு வளாகத்தினுடையது" என்றார் அந்தப் பெண்மணி. நான் விண்ணப்பமே போடாத ஓர் ஊரின் அலுவலகத்தில், யாரென்று தெரியாத ஒரு மாணவியின் பதிவாக நான் ஐந்து வாரம் கிடந்திருக்கிறேன்.

இப்படி நடந்துவிட்டால் பழைய இடத்தோடு மல்லுக்கட்டிப் பயனில்லை. பதிவு இப்போது யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதைச் சரியான இடத்துக்கு விடுவிக்க முடியும். மூன்றாவது அலுவலகத்துக்கு ஒரே மின்னஞ்சலில் எல்லாவற்றையும் அனுப்பினேன்: செவிஸ் எண், பிறந்த தேதி, அனுமதிக் கடிதம், சரியான குறியீடு, விமான டிக்கெட், நடந்தது என்ன என்று ஐந்து வரி. இரண்டு டி.எஸ்.ஓ.க்களையும் அதிலேயே சேர்த்தேன். மூவரும் ஒரே கடிதத்தைப் பார்த்ததால் யாரும் யாரையும் கைகாட்ட வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் இரவு பத்தே முக்காலுக்கு ஐ-20 மின்னஞ்சலில் வந்தது. கோவிட் காலத்திலிருந்து கையொப்பமிட்ட ஐ-20-ஐ மின்னஞ்சலிலேயே அனுப்ப அனுமதி இருக்கிறது. கூரியர் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

மறுநாள் காலை பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஜெராக்ஸ் கடையில் இரண்டு பிரதி எடுத்தேன். அங்கேயே நின்று பெயர், பிறந்த தேதி, செவிஸ் எண் மூன்றையும் பழைய ஐ-20-ஓடு ஒப்பிட்டேன். நிறுவனத்தின் பெயர் மாறியிருந்தது. எண் அதேதான். நாமும் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட வேண்டும். போட்டேன்.

எண் மாறவில்லை என்பதில் நிறைய அடங்கியிருக்கிறது. ஒரே செவிஸ் எண் தொடர்ந்தால், 350 டாலர் செவிஸ் கட்டணத்தை இரண்டாம் முறை கட்ட வேண்டாம். விசா காலாவதியாகாமல் இருந்தால், அதில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் அச்சாகியிருந்தாலும் அதுவே செல்லும். ஊரில் ஒரு முகவர், புதிய விசா எடுத்தே ஆக வேண்டும், சென்னையில் நேர்காணலுக்கு நாள் பிடித்துத் தருகிறேன் என்று அப்பாவிடம் பணம் கேட்டார். விசா வாசல் வரைக்கும்தான், உள்ளே நம்மை நிறுத்துவது பதிவு என்பதை அப்பாவுக்கு விளக்கிய பிறகு அவர் போகவில்லை. ஆனால் வகுப்பை விட்டு ஐந்து மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்துவிட்டால் கதை வேறு. அப்போது புதிய விசாவே தேவைப்படலாம்.

ஐந்து மாதம் என்ற கணக்கு இன்னோர் இடத்திலும் வரும். பழைய இடத்திலிருந்து விடுபட்ட நாள், அல்லது அங்கே படிப்பு முடிந்த நாள், எது முந்தையதோ அதிலிருந்து ஐந்து மாதத்துக்குள் புதிய இடத்தில் வகுப்பு தொடங்க வேண்டும். டிசம்பரில் முடித்துவிட்டு ஆகஸ்டில் சேரலாம் என்று நினைப்பவர்கள் இதில் மாட்டிக்கொள்வார்கள். படிப்பை முடித்தவருக்கு அறுபது நாள் அவகாசம் உண்டு. மாற்றத்துக்கான ஏற்பாட்டை அதற்குள் செய்தாக வேண்டும். நடுவில் விலகுவதாக இருந்தால், டி.எஸ்.ஓ.வின் அனுமதியோடு விலகினால் பதினைந்து நாள். சொல்லாமல் வகுப்பை விட்டுவிட்டால் ஒரு நாள்கூட இல்லை. குன்னூர்ப் பையன் ஒருவன், எப்படியும் மாறத்தானே போகிறோம் என்று பருவத்தின் நடுவில் வகுப்புக்குப் போவதை நிறுத்தினான். அவன் பதிவு முடக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பி, புதிய எண், புதிய கட்டணம், புதிய விசா என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கினான். புத்திசாலிப் பையன், மதிப்பெண் எல்லாம் நன்றாகவே இருந்தது. விடுவிப்புத் தேதி வரை பழைய இடத்தில் முழுநேர மாணவராகவே இருக்க வேண்டும் என்று அவனிடம் யாராவது ஒருவர் சொல்லியிருந்தால் போதும். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

கடன் வாங்கிப் படிப்பவர்கள் வங்கிக்குக் கடைசியில் சொல்லலாம் என்று இருக்கக் கூடாது. கடன் ஒப்புதல் கடிதத்தில் பழைய பல்கலைக்கழகத்தின் பெயர் இருக்கும். புதிய இடமோ ஐ-20 தருவதற்கு முன் ஓராண்டுச் செலவுக்குப் பணம் இருப்பதற்கு ஆதாரம் கேட்கும். வங்கி தன் பங்குக்குப் பணத்தை விடுவிக்கப் புதிய ஐ-20-ஐக் கேட்கும். ஏப்ரலிலேயே அப்பா கிளைக்குப் போய், அனுமதிக் கடிதத்தையும் கட்டண விவரத்தையும் காட்டி, பெயர் மாற்றிய கடிதம் வாங்கிவைத்தார். நான் செய்த எல்லாவற்றையும்விட ஒழுங்காக நடந்த வேலை அதுதான்.

பழைய ஐ-20-ஐத் தூக்கி எறியாதீர்கள். எல்லாவற்றையும் வரிசையாக வைத்திருங்கள். ஆனால் விடுவிப்புத் தேதிக்குப் பிறகு விமானம் ஏறும்போது, கையில் காட்ட வேண்டியது புதிய இடத்தின் ஐ-20. சிகாகோவில் குடியேற்ற அதிகாரி விசாவில் ஒஹாயோவையும் படிவத்தில் மினசோட்டாவையும் பார்த்துவிட்டு, "மாறிவிட்டீர்களா?" என்றார். ஆம் என்றேன். அவ்வளவுதான். வெளியே வந்ததும், நாட்டுக்குள் நுழைந்ததைக் காட்டும் ஐ-94 பதிவை இணையத்தில் எடுத்து, எஃப்-1 என்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன்.

போய்ச் சேர்ந்ததும் வேலை முடிந்துவிடாது. அந்த ஐ-20-இல் மாற்றம் நிலுவையில் இருப்பதாகத்தான் குறிப்பு இருக்கும். வகுப்பு தொடங்கும் தேதியிலிருந்து பதினைந்து நாளுக்குள் புதிய டி.எஸ்.ஓ.விடம் நம் வருகையைத் தெரிவிக்க வேண்டும். முழுநேரப் பாடச்சுமையும் பதிவாகியிருக்க வேண்டும். இளநிலைக்குப் பருவத்துக்குப் பன்னிரண்டு கிரெடிட். முதுநிலைக்கு அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் கணக்கு, எனக்கு ஒன்பது. அதில் முற்றிலும் இணையவழியில் நடக்கும் வகுப்பு ஒன்றுக்குமேல் சேர்த்தி இல்லை. குடியிருக்கும் முகவரி மாறினால் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும். இவையெல்லாம் முடிந்த பிறகு, மாற்றம் நிறைவேறியதாகக் காட்டும் இன்னோர் ஐ-20 வரும். எனக்குச் செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்தது. அதை அப்பாவுக்கு அனுப்பினேன். அவர் அச்செடுத்து வந்து அப்பாயியிடம் கொடுத்திருக்கிறார். மஞ்சள் துணிக்குள் அது இல்லையாம், மேலே வைத்திருக்கிறாராம். இன்னும் திரும்பி வர வேண்டிய காகிதம் என்பதால்.

நான் சொன்னதெல்லாம் 2023-இல் நான் கடந்து வந்த விதிகள். 2025 ஆகஸ்டில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, மாணவர் தங்கும் காலத்தைத் தேதி குறித்து வரையறுக்கவும் நிறுவன மாற்றத்தைக் கட்டுப்படுத்தவும் ஒரு விதி வரைவை வெளியிட்டது. ஆகவே இதைப் படிப்பவர் எவரும் அடுத்த அடியை எடுத்துவைக்கும் முன், அன்றைய நிலையைத் தன் டி.எஸ்.ஓ.விடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தோழி சொன்னதும் முகவர் சொன்னதும் நான் எழுதியதும் அதற்குப் பதிலாகாது.

சென்ற வாரம் அரவேணுவிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். டெக்சாஸில் படிக்கும் தன் நண்பன் வேறு கல்லூரிக்கு மாறப் போகிறானாம், என்னிடம் பேச வேண்டுமாம். அந்தப் பையன் இணைப்பில் வந்ததும், எப்போது போகிறாய், எங்கே தங்குவாய் என்று எதையும் கேட்கவில்லை. இரண்டு படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு குறியீட்டைப் படிக்கச் சொன்னேன். வேகமாகப் படித்தான். இன்னொரு முறை, மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாகப் படிக்கச் சொன்னேன்.